சித்திரைக்கும் ஜூனுக்கும் நடுவில்

அம்மா தன் கடைசி ஏழு வருடங்களில் மூன்று வீடுகளில் இருந்தாள். இரண்டு வீடுகள் மகன்களுடையவை. அங்கே இருப்பது முறை. மூன்றாவது வீடு என்னுடையது. அது மகள் வீடு என்பதால் அங்கே அவள் இருந்தால் அதற்கு இருப்பது என்று பெயர் கிடையாது, வந்துபோவது என்றுதான் பெயர். அவள் எங்கே இருக்க ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதை அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியவள் நான்தான் என்பதும் தெரியும். கேட்பதற்கு எனக்கு ஆறு வருடம் ஆனது.

என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வரும்போது கண்டக்டர் கவனிக்காவிட்டால், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கியதில்லை. இப்போது வீட்டிலேயே சேலைகளுக்கு ஃபால் தைக்கிறேன். அதில் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. சேலையைக் கொண்டுவந்து கொடுப்பவர்களே நிறம், அவசரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அண்ணன் வந்தால் நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து பேசிய ஞாபகம் எனக்கு இல்லை. அவர் என்னை மிரட்டியவர் அல்ல. அப்பா போன பிறகு அவர் அப்பா இடத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

அப்பா மில் வேலையில் இருந்தார். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அண்ணனுக்குப் பதினான்கு, தம்பிக்கு ஆறு. அம்மா அந்த வருடமே ஆரப்பாளையத்தில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தாறு வருடம் அந்த வேலை பார்த்தாள். காலையில் போனதும் ஆபீஸ் அறையில் தேதிக் காலண்டரின் தாளைக் கிழிப்பது அவள் முதல் வேலை. கிழித்த தாளுக்குப் பிள்ளைகளிடம் போட்டி இருக்கும், ராக்கெட் செய்ய. யாருக்குக் கொடுத்தோம் என்பதை அவள் ஞாபகம் வைத்திருந்து முறை போட்டுக் கொடுப்பாள். சாயந்தரம் வேனில் ஏற்றும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போடுவதற்கு முன் எங்கள் மூன்று பேர் தலையையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுப்பாள். மூன்று பேர்தான், எண்ண என்ன இருக்கிறது என்று தம்பி கேட்பான். எனக்குக் கல்யாணம் ஆன பிறகு என் வீட்டுக்காரரையும் எண்ண வேண்டியிருந்தது. மருமகன் தலையைத் தொட முடியாதே. விரலைக் காற்றில் ஒரு தட்டு தட்டிக்கொள்வாள்.

அவள் பிறந்த ஊர் கீழக்குயில்குடி. ஒரு முறை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அந்த மலைக்கு அழைத்துப் போனார்கள். டீச்சர் கல் படுக்கைகளைக் காட்டி அங்கே முனிவர்கள் தவம் செய்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அம்மா பின்னால் நின்றுகொண்டு, ஆடு மேய்க்கப் பயந்து தான் ஒளிந்து தூங்கிய படுக்கை எது என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். மறுநாள் பிள்ளைகள் எல்லாம் கட்டுரையில் அதைத்தான் எழுதினார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஊரைப் பற்றி அவள் அதிகம் பேசியது அந்த ஒரு நாள்தான்.

முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்டாள். அதே சமயத்தில் ஆரப்பாளையம் வீட்டின் சொந்தக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி வீட்டைக் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அங்கே கூடினோம். அண்ணனுக்குச் சமயநல்லூரில் மளிகைக் கடை, மேல்மாடியில் வீடு. தம்பிக்குப் பழங்காநத்தத்தில் அடுக்குமாடி வீடு, கம்பெனி வேலை. நான் விளாங்குடி. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சில் என் பெயர் வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை இருக்கும்போது தாய் மகள் வீட்டில் போய் இருந்தால், மகன்கள் சோறு போடவில்லை என்று அர்த்தம்.

மாசம் மாறி மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். அண்ணன் ஒத்துக்கொண்டு, சித்திரை தனக்கு என்றார். அவருக்கு எல்லாமே தமிழ் மாதம்தான். மாதம் பிறந்தால் கடைக்குச் சாம்பிராணி போடுவார், கோவிலுக்குப் போவார். அம்மா வீட்டுக்குள் வருவதானால் மாதப் பிறப்பன்றுதான் வர வேண்டும் என்றார். தம்பி தனக்கு ஒன்றாம் தேதிதான் சரிப்படும் என்றான். கம்பெனியில் அவனுக்கு ஷிப்ட் மாறுவது ஒன்றாம் தேதி. அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவள். ஜூன் மாதம் அழைத்துப் போகிறேன் என்றான். அண்ணன் ஆடி என்றார். தம்பி செப்டம்பர் என்றான். அண்ணன் ஐப்பசி, தீபாவளி வரும் என்றார். இப்படி மாறி மாறிச் சொல்லி ஒரு வருடத்தைப் பிரித்து முடித்தார்கள். ரொம்பவும் நியாயமாகப் பேசினார்கள். ஒருவர் விட்டுக்கொடுக்க மற்றவர் விட்டுக்கொடுக்க என்று போனது.

அம்மா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே செய்யுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னாள்.

சித்திரை முடிந்தது. வைகாசி பிறந்த அன்று காலை அண்ணன் அம்மாவைச் சமயநல்லூரில் பஸ் ஏற்றிவிட்டார். மதுரைக்குள் போகும் பஸ் விளாங்குடி வழியாகத்தான் போகும். அம்மா விளாங்குடியில் இறங்கிவிட்டாள். ஒரு கையில் பை, ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு. மகள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது வெறுங்கையோடு வரக் கூடாது என்பது அவள் கணக்கு. படியேறும்போதே, "பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். பதினாறு நாள் பார்த்தாள். பிறகு ஒன்றாம் தேதி தம்பி வந்து அழைத்துப் போனான்.

ஜூன் முப்பதாம் தேதி மறுபடி வந்தாள். ஆடி பிறக்கும்வரை இருந்தாள்.

எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. அண்ணன் அவள் போகிற வழியில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். தம்பி, ஒன்றாம் தேதிக்கு முதல் நாள்தான் அவள் அண்ணன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். போன் செய்தால் அம்மா நல்லா இருக்கேன் என்பாள், எங்கே இருக்கேன் என்று சொல்ல மாட்டாள். அவர்களும் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் போன் பேசிக்கொள்ளும் பழக்கம் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேச விஷயம் இல்லை.

என் வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா ரொம்பவும் எச்சரிக்கையாக இருப்பாள். சேலையை வாசல் கொடியில் காயப்போட மாட்டாள். பின்பக்கம் சந்தில் போடுவாள். வாசலில் அவள் சேலை பத்து நாள் தொடர்ந்து தொங்கினால் தெருவில் பேசுவார்கள் என்று. யார் கேட்டாலும் நாளைக்குப் போறேன் என்பாள். எதிர் வீட்டு அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன பெரியம்மா, நாளைக்குப் போறீகளா?"

"ஆமாத்தா."

"நேத்தும் இதத்தான சொன்னீக."

"நேத்துப் போகணும்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுக் கிளம்ப மனசு வரல."

அந்த அக்கா அதற்குப் பிறகும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவும் தினமும் வேறு வேறு பதில் வைத்திருந்தாள்.

அண்ணன் பையன்களுக்கும் தம்பி பையனுக்கும் அவள் அப்பத்தா. என் மகளுக்கு அம்மாச்சி. மூன்று வீட்டிலும் பேரன் பேத்திகளுடன் அவளுக்கு நல்ல ஒட்டு இருந்தது. அண்ணனின் பெரிய பையன் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். தம்பி மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடக் கீழே போவாள். போன கையோடு வேனில் இருக்கும் மற்ற பிள்ளைகளையும் எண்ணிவிட்டு வருவாள். அந்த வீடுகளில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதும்போது மதினிமார் இரண்டு பேரையும் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. சமயநல்லூரில் படி செங்குத்து. குளியலறை கீழே. பழங்காநத்தத்தில் பகல் முழுவதும் அவள் தனியாக இருக்க வேண்டும். அதுவும் காரணமா என்றால் எனக்குத் தெரியவில்லை. என்னோடு இருக்கப் பிடித்திருந்தது, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் பேச மாட்டேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். நான் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒரு மார்கழி மாதம், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, தம்பி வீட்டிலிருந்து வந்தாள். மார்கழியில் வீடு மாறலாமா என்று என் வீட்டுக்காரர் விளையாட்டாகக் கேட்டார். வீடு மாறுகிறவர்களுக்குத்தான் மார்கழி, நான் மகளைப் பார்க்க வந்திருக்கிறேன், பொங்கலுக்குக் கிளம்பிவிடுவேன் என்றாள். அன்று மத்தியானம் பின்னறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள், மேலே பார்த்துக்கொண்டு, "இந்த ரூம்பு சும்மாத்தான கெடக்கு" என்றாள். அதில் என் மெஷினும் சேலை மூட்டைகளும் இருந்தன. சும்மா கிடக்கவில்லை. ஆனால் நான் ஆமாம்மா என்றேன். அவள் கேட்டது அவ்வளவுதான். நான் புரிந்துகொண்டேன். நான் புரிந்துகொண்டது அவளுக்கும் தெரியும். 

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது பேசிவிடுவது என்று போனேன். கடையில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து இறங்கி வந்தேன். என்னத்தா என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. வெல்லம் இருக்கா என்று கேட்டேன். அவர் நல்ல வெல்லமாகப் பார்த்து ஒரு கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் ஏற்கெனவே வெல்லம் இருந்தது.

கணக்கை முதலில் கண்டுபிடித்தது என் மகள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும், பெரிய எழுத்தில் இங்கிலீஷ் தேதியும் ஓரத்தில் சின்னதாகத் தமிழ்த் தேதியும் போட்டது. அம்மாச்சி அடுத்து எப்போது வரும் என்று பார்ப்பதற்காகப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் வருடம் முழுக்கப் போட்டுப் பார்த்தாள். பெரிய மாமா பெரிய எழுத்தைப் பார்ப்பதே இல்லை, சின்ன மாமா சின்ன எழுத்தைப் பார்ப்பதே இல்லை என்றாள். ஒருவர் முறை மாதத்தின் நடுவில் முடிகிறது, இன்னொருவர் முறை மாதத்தின் முதலில் தொடங்குகிறது. நடுவில் பதினைந்து நாள், பதினாறு நாள் யாருக்கும் சேராமல் விழுகிறது. வருடத்தில் எட்டு முறை. சேர்த்தால் நான்கு மாதம்.

"அம்மாச்சி, மூணு வீட்டுலயும் சரியா நாலு நாலு மாசம் இருக்க."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இதப் போய் உங்க மாமன்ககிட்டச் சொல்லிராத, கழுத."

மகன்கள் அவளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் தைலம் தேய்த்தபடியே தன்னை மூன்றாகப் பிரித்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாதி வேலையை அவள் செய்துவிட்டாள். மீதி என்னுடையது. அதற்கும் பிறகு இரண்டு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு பங்குனிக் கடைசியில், தம்பி வீட்டிலிருந்து வந்து நான்காவது நாள், தெருமுனையில் கீரை வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. டாக்டர் இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், படி ஏறவே கூடாது. எவ்வளவு நாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓடும் என்று மட்டும் சொன்னார்.

சித்திரை பிறந்த அன்று காலையில் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அம்மா ஹாலில் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு முன் ஒரு வாரமாக மெஷினில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபால் ஒன்று தலைகீழாகத் தைத்துப் பிரிக்க வேண்டி வந்தது.

"துணிமணிய எடுத்து வையாத்தா. வெயில் ஏறதுக்கு முந்திப் போயிருவோம்" என்றார் அண்ணன்.

"அண்ணே, அம்மா இங்கயே இருக்கட்டும்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

"சரி. ரெண்டு நாள் கழிச்சு வாரேன்."

"ரெண்டு நாள் இல்லண்ணே."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "பெறகு?"

"இனிமே இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உனக்கு ஏன் சிரமம் என்றார். சிரமம் இல்லை என்றேன். படிதான் பிரச்சினை என்றால் கடைக்குப் பின்னால் உள்ள குடோனைக் காலி செய்து கட்டில் போடுகிறேன் என்றார். தம்பி, தன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது என்றான். அது ஓடுகிறதா என்று அண்ணன் கேட்டார். சில நாள் ஓடும் என்றான்.

பிறகு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையான காரணத்தைச் சொன்னார். "ஆம்பளப் பிள்ளைக ரெண்டு பேரு கல்லு மாதிரி இருக்கோம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மக வீட்டுல இருந்தா எடுக்கிறது? அதுக்குப் பெறகு நான் சமயநல்லூர்ல எப்படிக் கடையத் தொறந்து ஒக்காருவேன்? மாப்ள, நீங்க சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் வேலை பார்ப்பவர். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என்னக் கேட்டா என்ன சொல்றது மச்சான். அத்த இருந்தாத்தான் எனக்கு நேரத்துக்குச் சோறு வருது" என்றார். தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

எப்போதாவது வந்துபோவது வேறு, நிரந்தரமாக இருப்பது வேறு என்றார் அண்ணன். அப்போதுதான் என் மகள் அந்த வருடத்துக்கும் கோடு போட்டுவைத்திருந்த காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளை நான் அனுப்பவில்லை. அவள் என்னைப் போல இல்லை, பேசிவிடுவாள்.

"எப்பவாச்சும் இல்ல மாமா" என்று தொடங்கி, கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். தம்பி முதலில் புரிந்துகொண்டான். அந்த நாளெல்லாம் அம்மா அண்ணன் வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்தேன் என்றான். அண்ணன், உன் வீட்டில் இருப்பதாகத்தான் நான் நினைத்தேன் என்றார்.  அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு ஜனவரிக்குத் திரும்பி வந்தார். பொங்கலுக்கு முன்னால் கோடு போட்டிருந்த நாட்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏம்மா, இது ஒனக்குத் தெரியுமா?"

"இருபத்தாறு வருசம் காலண்டர் கிழிச்சிருக்கேன்யா. இது தெரியாமயா."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால் கொஞ்சம் நிறுத்தினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "உசுரோட இருக்க வரைக்கும் இவ வீட்டுல இருக்கேன். போன பெறகு ஒன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. அங்கருந்து எடு. ஊருக்கு அம்புட்டுத்தான வேணும். எனக்கு அப்ப என்ன தெரியப் போவுது."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, டாக்டர் எழுதிய சீட்டைக் கொடு என்றார். சமயநல்லூரில் தெரிந்த மருந்துக் கடை இருக்கிறது, மாதா மாதம் அவரே வாங்கி வருவதாகச் சொன்னார். கார் காலியாகத் திரும்பிப் போனது.

அன்று சாயந்தரம் மெஷினை ஹாலுக்கு மாற்றினோம். கட்டிலைப் பின்னறையில் போட்டோம். மறுநாள் அம்மாவின் சேலையை வாசல் கொடியில் காயப்போட்டேன். எதிர் வீட்டு அக்கா நாளைக்குப் போறீகளா என்று கேட்டதற்கு, அம்மா உள்ளே இருந்தபடி, போகல என்றாள். அந்த அக்காவுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பதினோரு மாதம் இருந்தாள். அந்த மாதங்கள் நான் நினைத்துவைத்திருந்த மாதிரி இல்லை. உப்பில்லாத சாப்பாடு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என்னைக் கஞ்சப் பிசினாறி என்று எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னாள். ஒரு நாள் தலையணைக்கு அடியில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. பேத்தியை மிரட்டி வாங்கியிருக்கிறாள். அவளைக் கழுவி விடுவதற்கு நான் வெட்கப்படவில்லை, அவள்தான் வெட்கப்பட்டாள். சுவரைப் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டாள். இரண்டு முறை அவளைச் சத்தம் போட்டிருக்கிறேன். ஒன்று மாத்திரையைத் துப்பியதற்கு. இன்னொன்றுக்குக் காரணம் இல்லை, எனக்கு முதுகு வலி. அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் கத்தி முடித்ததும் அவள், இம்புட்டுச் சத்தம் உன் தொண்டையில் இருக்கா என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

அண்ணனும் தம்பியும் இப்போது விருந்தாளிகள் போல வந்தார்கள். அடிக்கடி வந்தார்கள். முன்பு ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தபோது பேசியதைவிட இப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதிகம் பேசினார்கள். தம்பி ஒரு முறை அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். நாற்பது வயதை நெருங்கியவன். அம்மா கால் மரத்துப்போன பிறகும் அசையாமல் இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாக அவன் தலையை நகர்த்தச் சொன்னாள். பேரப்பிள்ளைகள் நான்கு பேரும் ஒரே நாளில் வந்தால் பின்னறையில் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொருவராகக் குனியச் சொல்லித் தலையைத் தொட்டு எண்ணுவாள். அதன் பிறகு களைத்துத் தூங்கிவிடுவாள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். குக்கர் சத்தம் கேட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கண் திறந்தபடி இருந்தது. கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். யாருக்கும் உடனே போன் செய்யவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு அவள்தான் எல்லோருக்கும் சொன்னாள்.

அண்ணன் வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நான் பிடித்து நின்ற கதவு நிலைக்கு எதிரில் நின்றார். "எடுத்துட்டுப் போகட்டுமாத்தா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அனுமதி கேட்டது வாழ்க்கையில் அது ஒரு முறைதான். அம்மா சொல்லிவிட்டுப் போனது அது. எனக்கு என்னவோ வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் சமயநல்லூர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். கீழே அண்ணன் கடை முகவரி போட்டிருந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கி, முன்னால் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் அம்மாவை வைத்திருந்தார்கள். சுற்றிலும் பாயில் பெண்கள். நான் கூட்டத்துக்கு வெளியே சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். அது அண்ணன் வீட்டுச் சாவு. நானும் வந்தவர்களில் ஒருத்தி மாதிரிதான் இருந்தேன்.

அப்பா வழியில் சின்னம்மா முறையாகும் ஒரு வயதானவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரிய மதினியைப் பார்த்து, "மூத்தவன் வீட்டுல உசுரு போயிருக்கு. குடுத்து வச்சவ. எத்தன நாளாக் கெடந்தா இங்க?" என்று கேட்டார்.

மதினி என்னைத் தேடிப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். பெண்கள் எல்லோரும் மதினி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வழக்கம் போல வரவில்லை.

அண்ணன் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தார். நின்றார்.

"இங்க இல்ல சின்னத்தா. தங்கச்சி வீட்டுல. பதினோரு மாசம்" என்றார். ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கும் கேட்டிருக்கும். இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு மறுபடி நின்று, "அதுக்கு முந்தியும் வருசத்துல மூணுல ஒரு பங்கு அங்கதான்" என்றார். அப்புறம் நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் பந்தலில் போட்டார்.

சின்னத்தா திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் கையை ஊன்றி நகர்ந்து பாயில் இடம் விட்டார். நான் எழுந்து பெண்களைத் தாண்டிப் போய் அங்கே உட்கார்ந்தேன்.